வழிநடையும் இரவுத் தங்கலும்

நேர்ச்சை வைத்துக் கால்நடையாகப் புறப்படுகிறவர், இரவு தங்குவதற்கு வழியிலுள்ள ஊர்களில் முன்கூட்டியே இடம் சொல்லி வைக்கலாமா? அல்லது, “அல்லாஹ் விட்ட வழி” என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுதான் சரியா? மதுரை காளவாசல் பக்கத்திலிருந்து ஏர்வாடிக்கு நடந்து போக நினைக்கும் வாலிபர்களிடையே இந்தப் பேச்சு அடிபடுகிறது. இடம் பிடித்து வைத்துவிட்டு நடந்தால் தவக்குலுக்கு, அதாவது அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதற்கு, பங்கம் வந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். “ரூம் போட்டுவிட்டு நடப்பதற்குப் பெயர் ஸியாரத்தா, சுற்றுலாவா?” என்று கேலி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தர்கா ஸியாரத்துக்காகப் பயணம் செய்வது பற்றி ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அந்த வாதத்துக்குள் நாம் இப்போது நுழையவில்லை. ஏர்வாடிக்கு நடந்தாலும், நாகூருக்கு நடந்தாலும், மக்காவுக்கே நடந்தாலும் இரவு வந்தால் தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும். நம் கேள்வி அதைப் பற்றியதுதான்.

நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் யமன் நாட்டவர் சிலர் கட்டுச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வருவார்கள். கேட்டால், “நாங்கள் தவக்குல் உடையவர்கள்” என்பார்கள். மக்கா வந்து சேர்ந்ததும் அங்குள்ளவர்களிடம் கை நீட்டுவார்கள். பயணத்துக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் மேலானது தக்வா என்று கட்டளையிடும் திருமறை வசனம் (2:197) இவர்கள் விஷயத்தில்தான் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் பதிவாகியிருக்கிறது. அவர்கள் பசியோடு நடந்ததில் யாருக்கும் குறை இல்லை. தவக்குல் என்று பெயர் சூட்டிக்கொண்டு, தங்கள் பாரத்தைக் கடைசியில் மற்றவர் தலையில் இறக்கி வைத்தார்களே, கோளாறு அங்கேதான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற ஹதீஸை இந்தப் பேச்சில் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். திர்மிதியில் வரும் அந்த ஹதீஸ், ஒட்டகம் தொலைந்தால் சொந்தக்காரருக்கு நஷ்டம் என்ற அளவோடு முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அவிழ்த்துவிட்ட ஒட்டகம் அடுத்தவன் தோட்டத்திலும் மேயும் அல்லவா? கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டால் அதன் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா’வில் தவக்குல் பற்றி எழுதும்போது இதை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். இப்ராஹீம் அல் கவ்வாஸ் (ரஹ்) என்ற பெரியார் உணவு எதுவும் எடுக்காமல் பாலைவனங்களைக் கடந்து செல்வாராம். ஆனால் ஊசியும் கத்தரியும் கயிறும் தண்ணீர்ப் பாத்திரமும் அவர் கையை விட்டு நீங்கியதே இல்லை. பாலைவனத்தில் தண்ணீர் தரைக்கு மேலே கிடைக்காது, கிணற்றிலிருந்து இறைக்கக் கயிறு வேண்டும். உடை கிழிந்தால் மானம் மறைக்க ஊசி வேண்டும். பசியைத் தாங்கலாம், ஒளுவும் அவ்ரத்தும் தவறுவதைத் தாங்க முடியாது. இன்னொன்றையும் இமாம் அவர்கள் சொல்கிறார்கள். தனி ஆள் தன் உடலைப் பசிக்குப் பழக்கிக்கொண்டு போகலாம். குடும்பக்காரர் தம் பிள்ளைகள் மீது அந்தப் பசியைச் சுமத்த உரிமை இல்லை. உங்கள் தவக்குலை நீங்கள்தான் சுமக்க வேண்டும். அதை மனைவி மக்கள் மீதும், வழியிலுள்ள ஊர்க்காரர்கள் மீதும் ஏற்றி வைக்கக் கூடாது என்றே நாம் இதிலிருந்து விளங்கிக்கொள்கிறோம்.

ஹிஜ்ரத்தை எடுத்துக்கொள்வோம். நம் மார்க்க வரலாற்றில் அதைவிடப் பெரிய பயணம் ஏது? அபூபக்ர் (ரலி) அவர்கள் அந்தப் பயணத்துக்காக இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்களாகத் தீனி போட்டு வளர்த்து வந்தார்கள். அதில் ஒன்றை நாயகம் (ஸல்) அவர்கள் விலைக்கே வாங்கிக்கொண்டார்கள். வழிகாட்டியாக அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். அவர் அப்போது முஸ்லிமல்ல, வழி தெரிந்தவர். மூன்று இரவுகள் கழித்துத் தவ்ர் குகைக்கு ஒட்டகங்களோடு வந்து சேர வேண்டும் என்று அவரிடம் பேசி முடிக்கப்பட்டது. கட்டுச்சோற்றுக்கு அஸ்மா (ரலி), பாலுக்கு ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) என்று ஏற்பாடு. இத்தனையும் செய்தவர்கள், குகை வாசலில் எதிரிகளின் காலடிகள் தெரிந்தபோது அல்லாஹ் நம்மோடு இருக்கிறான் என்று தோழருக்குத் தைரியம் கூறியவர்கள். ஏற்பாடும் தவக்குலும் ஒரே நெஞ்சில் இருந்தன.

அதே பயணத்தின் மறுமுனைக்கு வாருங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வருகிறார்கள் என்ற செய்தி மதீனாவுக்கு முன்பே எட்டியிருந்தது. அன்ஸார்கள் காலைதோறும் ஊருக்கு வெளியே கருங்கல் வெளிக்கு வந்து, வெயில் பொறுக்க முடியாமல் போகும் வரை காத்திருந்து திரும்புவார்கள். முதலில் குபாவில் தங்கினார்கள். பிறகு நகருக்குள் நுழைந்தபோது ஒவ்வொரு கூட்டத்தாரும் ஒட்டகத்தின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, எங்களிடம் தங்குங்கள் என்று கெஞ்சினார்கள். அதை விட்டுவிடுங்கள், அதற்குக் கட்டளை இருக்கிறது என்ற கருத்தில் பதில் சொல்லி, ஒட்டகம் மண்டியிட்ட இடத்தை ஒட்டி அபூஅய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்கள் வீட்டில் தங்கினார்கள். எந்த வீடு என்பது முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தால் ஒரு வீட்டார் மகிழ்ந்திருப்பார்கள், மற்ற வீட்டார் மனம் வாடியிருப்பார்கள்.

இதில் இரண்டு காரியங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. வருகிறோம் என்று தெரிவிப்பது ஒன்று. இன்ன இடம்தான் எனக்கு வேண்டும் என்று பிடித்து வைப்பது வேறொன்று. நம் வாலிபர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது நம் அபிப்பிராயம்.

முதலாவது காரியத்தைப் பார்ப்போம். விருந்தாளிக்குச் சிறப்பு உபசாரம் ஒரு பகல் ஓர் இரவு, விருந்து மூன்று நாள், அதற்கு மேல் தர்மம் என்பது பலருக்கும் தெரிந்த ஹதீஸ். விருந்தளிப்பவரைச் சங்கடத்தில் தள்ளும் வரை தங்குவது விருந்தாளிக்கு ஆகாது என்று அதிலேயே தொடர்ந்து வரும் பகுதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். உபசரிக்க எதுவும் இல்லாதவரிடம் போய்த் தங்குவதுதான் அந்தச் சங்கடம் என்ற விளக்கமும் அந்த ஹதீஸிலேயே இருக்கிறது.

மதுரையிலிருந்து ஏர்வாடிக்குப் போகும் வழியில் திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம், கீழக்கரை என்று ஊர்கள் வருகின்றன. இராமநாதபுரம் வரைக்குமே சுமார் 115 கிலோமீட்டர். நடப்பவர் வேகத்தைப் பொறுத்து ஐந்து நாளாவது ஆகும். இதில் ஏதோ ஒரு சிறிய ஊரின் பள்ளிவாசலில், இஷா முடிந்து விளக்கை அணைக்கும் நேரத்தில் பன்னிரண்டு பேர் போய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மோதினார் என்ன செய்வார்? கதவைத் திறந்துவிட வேண்டும், தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டில் சொல்லிச் சோறு ஆக்கச் சொல்ல வேண்டும். அந்த வீட்டுப் பெண் அடுப்பை அணைத்துப் பாத்திரம் கழுவி வைத்திருப்பார். முஸாபிருக்கு இல்லை என்று சொல்ல நம் ஜனங்களுக்கு வாய் வராது. அவர்களுடைய அந்த நல்ல குணத்தை நம் தவக்குலுக்கு முதலாக வைப்பது எப்படி நியாயமாகும்? இஷாவுக்குப் பின் பூட்டிவிடும் பள்ளிகள் இப்போது அதிகம். ஹனஃபி மத்ஹபில் முஸாபிரும் இஃதிகாஃப் இருப்பவரும் தவிர மற்றவர் பள்ளியில் உறங்குவது மக்ரூஹ். ஷாஃபிஈ மத்ஹபில் தடை இல்லை. சட்டம் இடம் கொடுத்தாலும் சாவி நிர்வாகியிடம் அல்லவா இருக்கிறது! முன்னதாக ஒரு வார்த்தை தெரிவித்து அனுமதி வாங்குவதால் தவக்குலின் எந்த மூலை உடைந்துவிடும்?

இது வெறும் மரியாதைப் பிரச்சினையாக நின்றுவிடுவதும் இல்லை. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெயில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் மௌத்தாகிவிட்டதாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி பெறாமல் வந்தவர்கள். நிழலோ தங்குமிடமோ இன்றி நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள். அல்லாஹ் அவர்களை மன்னித்து, அவர்கள் ஹஜ்ஜை ஏற்றுக்கொள்வானாக. அவர்களில் பலர் ஏழைகள், தரகர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்களும் உண்டு. ஆகவே அவர்களைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. ஆனால், “இடம் இல்லாவிட்டால் என்ன, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று இன்னொருவரைத் தைரியப்படுத்தி அனுப்புகிறவர் இந்தக் கணக்கை ஒரு முறை மனதில் கொண்டுவரட்டும்.

இரண்டாவது காரியம் இடம் பிடித்து வைப்பது. மினாவில் தங்களுக்கு நிழல் தர ஒரு வீடு கட்டித் தரட்டுமா என்று கேட்கப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். மினா முந்தி வந்தவர் இறங்கும் இடம் என்பது அவர்கள் பதிலின் கருத்து. ஆயிஷா (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள். ‘முன்பதிவே கூடாது’ என்பவர்கள் கையில் எடுக்க வேண்டிய ஹதீஸ் இதுதான். ஆனால் இன்று அதே மினாவில் ஹாஜிகளுக்குக் கூடாரங்கள் முன்கூட்டியே ஒதுக்கப்படுகின்றன. 2024இல் 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடிய இடத்தில் முந்தியவருக்கு முதலிடம் என்று விட்டால் பலசாலி உள்ளே இருப்பார், கிழவி வெளியே கிடப்பார். 1997இல் மினாக் கூடாரங்களில் தீப்பிடித்து 300க்கும் அதிகமான ஹாஜிகள் இறந்த பிறகு தீப்பிடிக்காத கூடாரங்கள் அங்கே நிரந்தரமாக அமைக்கப்பட்டன. பொது இடத்தை ஒருவர் தமக்கென்று வளைத்துக்கொள்வதைத்தான் அந்த ஹதீஸ் தடுக்கிறது என்றும், எல்லோருக்கும் ஆளுக்கோர் இடம் பிரித்துக் கொடுப்பது அதன் நோக்கத்துக்கு விரோதமாகாது என்றும் நாம் கருதுகிறோம். ஆளுக்கோர் இடம் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கந்தூரிக் காலத்தில் நாகூரில் நான்கு பேருக்கு மூன்று அறை பிடித்து, அதில் ஒன்றில் பெட்டிகளை மட்டும் அடுக்கி வைப்பவர், திண்ணையில் படுக்கும் குடும்பத்தின் இடத்தை எடுத்துக்கொண்டவராகிறார். காசு கொடுத்தோமே என்பது கடைக்காரருக்குப் பதிலாகலாம்.

அந்தக் காலத்தில் யார் முன்பதிவு செய்தார்கள் என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. மொராக்கோவின் தஞ்சாவிலிருந்து 1325இல் புறப்பட்ட இப்னு பதூதா, நம் மதுரைக்கும் வந்து போனவர். அவர் தங்கிய இடங்களில் பல, வழிப்போக்கருக்காகப் பிறர் வக்ஃபு செய்து வைத்த இல்லங்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் நம் பெரியவர்கள் பம்பாய் முஸாபர்கானாவில் காத்திருந்தார்கள். அந்தக் கப்பல் பயணம் 1995இல் நின்றது. அன்றும் முன்பதிவு இருந்தது. அதை வழிப்போக்கருக்காக வேறொருவர், பெயர் தெரியாத ஆயிரம் பேருக்கும் சேர்த்துச் செய்து வைத்திருந்தார். இன்று நெடுஞ்சாலை ஓரத்தில் நடந்து போகிறவனுக்குக் கட்டணமில்லாத் தங்குமிடம் எத்தனை இருக்கிறது? குன்றக்குடியில் கூடி நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார், எந்த இரவு எந்த ஊர் என்பதைப் பரம்பரையாக வகுத்து வைத்திருக்கிறார்கள். கூட்டமாக நடப்பவர்கள் அந்த ஒழுங்கைக் கவனித்துப் பார்க்கலாம்.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலிருந்து 2022 ஜூனில் மக்காவுக்கு நடக்கத் தொடங்கிய ஷிஹாப் சோட்டூரைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். ஊருக்கு ஊர் மக்கள் திரண்டு வரவேற்றது உண்மை. அந்தப் புகழ் நம்மைப் போன்ற நான்கு பேருக்கு முன்னால் நடந்து போகாது. அவரும் பாகிஸ்தான் விசாவுக்காகப் பஞ்சாப் எல்லையில் மாதக்கணக்கில் காத்திருந்துதான் 2023இல் மக்கா சேர்ந்தார்.

இத்தனை சொன்ன பிறகும் மறுதரப்பில் ஓர் உண்மை இருப்பதை மறைக்க விரும்பவில்லை. ஐந்து இரவுக்கும் கட்டில் தயார் என்றால் நடப்பவர் கால் விரைகிறது. வழியில் ஒரு முதியவர், “இங்கே லுஹர் தொழுதுவிட்டு ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள் தம்பி” என்றால், அடுத்த ஊர் காத்திருக்கிறதே என்று நழுவத் தோன்றுகிறது. அழைப்பவருக்குக் கிடைக்க வேண்டிய நன்மை அதனால் தட்டிப் போகிறது. இதற்காகவே ஏற்பாட்டைத் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். இரவுக்கு இடம் இருக்கட்டும். பகலுக்கு அட்டவணை வேண்டாம். வெகுதூரம் நடந்தே தீருவது என்ற பிடிவாதமும் வேண்டாம். இரு மகன்கள் தாங்கிப் பிடிக்கக் கால் இழுத்து நடந்து வந்த ஒரு முதியவரைப் பார்த்து விசாரித்த நாயகம் (ஸல்) அவர்கள், அவர் நடப்பதாக நேர்ச்சை செய்திருப்பதாகத் தெரிந்ததும், இவர் தம்மை வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற கருத்தில் சொல்லி வாகனத்தில் ஏறச் செய்தார்கள்.

தொழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர் ஊரில், வந்த நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்குவதாக உறுதி கொண்டவருக்கு ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ர் கிடையாது; ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள். அறை பிடிப்பதே நிய்யத் ஆகிவிடாது. ஆனாலும் ஏழு நாளுக்கு வாடகை கட்டி ரசீதையும் பையில் வைத்திருக்கும் ஷாஃபிஈக்காரர், “நாளைக்கே கிளம்பினாலும் கிளம்பிவிடுவேன்” என்று சொல்லிச் சுருக்கித் தொழுவது நமக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

பெண்கள் உடன் வந்தால் தளர்வுக்கே இடமில்லை. குளிக்க, உடை மாற்ற, மாதவிலக்கு வந்தால் பள்ளிக்கு வெளியே தங்க என்று மறைவான இடம் ஒவ்வோர் இரவுக்கும் முன்னதாகவே உறுதியாக வேண்டும். அது கிடைக்காத ஊரில் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடலாம்.

காளவாசல் வாலிபர்கள் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாவது அந்தந்த ஊர் ஜமாஅத்துக்கு எத்தனை பேர், எந்த இரவு என்று தெரிவிக்கட்டும். எங்களுக்கு இன்னது வேண்டும் என்று கேட்காமல், உங்களுக்கு எது முடியும் என்று கேட்கட்டும். முடியாது என்றால் மனத்தாங்கல் இல்லாமல் லாட்ஜோ மண்டபமோ பார்த்துக்கொள்ளட்டும். பன்னிரண்டு பேரில் மூவர் கால் கொப்பளித்து மானாமதுரையிலிருந்து ஊர் திரும்பிவிட்டால், அன்று அஸருக்கு முன்பே பரமக்குடிக்குப் போன் செய்து ஒன்பது பேர்தான் என்று சொல்லிவிட வேண்டும். அங்கே பன்னிரண்டு பேருக்கு அரிசி அளந்து வைத்திருப்பார்கள்.