தவறு நோட்டு

என் தங்கையின் பெண் வக்கீலாகப் போகிறாள். இன்னும் பிளஸ் டூ முடிக்கவில்லை. இருந்தாலும் வீட்டில் எல்லாரும் இப்போதே அவளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேசுகிறோம். எதைச் சொன்னாலும், "அதுக்கு ஆதாரம் என்ன மாமா?" என்று கேட்டுவிடுகிறாள்.

காலாண்டு விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாற்றுடை மூன்றும், தூக்க முடியாத ஒரு மூட்டைப் புத்தகமும் கொண்டு வந்தாள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர 'கிளாட்' என்று ஒரு பொதுப் பிரவேசப் பரீட்சை இருக்கிறது, 2008-இல் ஆரம்பித்தது. திருச்சிக்குப் பக்கத்தில் நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிறதே, அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இதுதான் வாசல். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். கேள்விக்கு ஒரு நிமிஷம் என்று ஆகிறது. நீளமான பத்திகளைப் படிக்கும் நேரமும் அதற்குள்தான். சரியான விடைக்கு ஒரு மார்க். தவறினால் கால் மார்க் போய்விடும். ஆக, நாலு தவறு சேர்ந்தால், வேறெங்கோ பாடுபட்டுச் சம்பாதித்த ஒரு முழு மார்க்கை விழுங்கிவிடும். ஒன்றும் குறிக்காமல் விட்டுவிட்டால் நஷ்டம் இல்லை.

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு பரீட்சை 1948-லிருந்து நடந்து வருகிறது; 'எல்சாட்' என்று பெயர். அங்கே தவறான விடைக்குத் தண்டனை கிடையாது. தெரியாவிட்டாலும் எதையாவது குறித்துவிட்டு எழுந்து வருவதுதான் புத்திசாலித்தனம். நம் ஊர்ப் பரீட்சையில் சும்மா இருப்பதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. இரண்டில் எது நியாயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால், தெரியாத விஷயத்தில் பேசாமல் இருக்கப் பழக்கும் பரீட்சை ஒன்றை எழுத்தாளர்களுக்கும் வைத்தால் தேவலை என்று தோன்றியது.

தினம் காலையில் ஒரு மாதிரிப் பரீட்சை எழுதுவாள். சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு, நீளவாட்டு நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அட்டையில் 'தவறு நோட்டு' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். உள்ளே பத்தி பத்தியாகக் கோடு போட்டிருந்தது: கேள்வி எண், தான் குறித்தது, சரியான விடை, காரணம். ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அதைப் புரட்டினேன். (பிறர் நோட்டைப் படிப்பது தப்புதான். எங்கள் தொழிலில் அது அவ்வளவு தெரிவதில்லை.) 41 தவறுகள் எழுதியிருந்தாள். அவற்றில் 28-க்குக் காரணம் ஒரே வார்த்தை: 'கவனக்குறைவு.'

"ஏம்மா, நீ இவ்வளவு கவனக்குறைவானவளா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச கேள்விங்க மாமா. அவசரத்துல தப்பாயிடுச்சு."

கவனக்குறைவு என்ற சொல்லில் ஒரு சௌகரியம் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல ஒப்புக்கொண்டு, குற்றவாளியைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடும். எனக்கு அறிவு உண்டு, அந்த நிமிஷம் அது வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் என்று அதற்கு அர்த்தம். ஒருவனுக்கு ஒரே தெருவில் 28 தடவை கால் இடறினால், அவனைச் சொல்வோமா, தெருவில் ஏதாவது கல் இருக்கிறதா என்று பார்ப்போமா?

இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம். ஒரு கேள்வியில், விஷயம் பத்திரிகையில் படித்ததுதானே என்று பத்தியையே முழுக்கப் படிக்கவில்லை. இது கர்வம். இன்னொன்றில், நாலு விடைகளில் நீளமானது கம்பீரமாக இருந்தது, அதைக் குறித்திருக்கிறாள். பெரிய வார்த்தையைக் கண்டு பயந்தது அது. வேறொன்றில் முதலில் குறித்ததுதான் சரி. யாரோ தோழி வேறு மாதிரி சொன்னது நினைவுக்கு வந்து அடித்து மாற்றியிருக்கிறாள். 'கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு இவற்றை எழுதச் சொன்னபோது அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "கர்வம்னெல்லாம் எழுத மாட்டேன்" என்றாள். பிறகு பென்சிலால் எழுதினாள்.

29-ஆம் கேள்விக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

இந்தப் பரீட்சைக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அந்த விதியைக் கேள்வியில் வரும் கதைக்குப் பொருத்த வேண்டியதுதான் வேலை. கொடுத்திருந்தது ஒரு பழைய வழக்கிலிருந்து பிறந்த விதி. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் தன் சொத்தை அடமானம் வைத்து ஒரு லேவாதேவிக்காரரிடம் பணம் வாங்கினான். பையன் மைனர் என்பது அவர் பக்கத்தில் காரியம் பார்த்தவருக்குத் தெரிந்தே இருந்தது. பிறகு, அடமானம் செல்லாது என்று பையன் தரப்பில் வழக்கு. நடுவில் கடன் கொடுத்தவர் காலமாகிவிட, மோகரி பீபியின் பெயரில் அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1903-இல் தீர்ப்பு வந்தது: மைனர் செய்யும் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே இல்லாத ஒப்பந்தம். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று.

மாதிரிப் பரீட்சையில் வந்த கதையில், 17 வயதுப் பையன் ஒருவன் கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். திருப்பித் தர வேண்டுமா? தர வேண்டும் என்று இவள் குறித்திருந்தாள். தவறு. காரணம், வழக்கம்போலக் கவனக்குறைவு.

"இதுவுமா?"

"இல்ல மாமா. இதை ரெண்டு தடவை படிச்சேன். ஆனா, வாங்கின காசைக் கொடுக்காம இருக்கிறது எப்படி மாமா சரியாகும்?" கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். "வக்கீலாகணும்னா இந்தக் கேள்வி எனக்குத் தோணவே கூடாதா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் தெருக்கோடியில் ஓய்வு பெற்ற வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே 1963-ஆம் வருஷத்து ஸ்பெஸிபிக் ரிலீப் சட்டத்தை எடுத்து, 33-வது பிரிவைக் காட்டினார். மைனர் என்று சொல்லி ஒருவன் ஒப்பந்தத்திலிருந்து தப்பினாலும், அதனால் அவன் அடைந்த பலனை, அந்த அளவுக்குத் திருப்பித் தரும்படி கோர்ட்டார் சொல்லலாம். அறுபது வருஷம் கழித்துச் சட்டம் எங்கள் வீட்டுப் பெண்ணின் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது!

இதைச் சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப நான் குறிச்சது சரிதானே?" என்றாள். அங்கேதான் நான் தயங்கினேன். அவளுடைய கேள்வி சரி, விடை தவறு. 1903-இன் விதியில் ஏதோ குறை இருக்கிறது என்று கண்டவர்கள், அது என்ன சொல்கிறது என்பதை ஓர் எழுத்துத் தப்பாமல் படித்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். விதி தங்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்கிறது என்று அவர்களும் நினைத்துக்கொண்டிருந்தால், திருத்துவதற்கு என்ன இருந்திருக்கும்? இரக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பிடிக்காததைப் பார்த்ததும் அவர்கள் கண் தானாக மூடிக்கொள்கிறது.

நெடுநேரம் யோசித்துவிட்டு அவள் காரணத்தை மாற்றி எழுதினாள்: 'விதி சொன்னதைப் படிக்கவில்லை. நான் விரும்பியதைப் படித்தேன்.'

சரியான விடைகளையும் அவள் சோதிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு நாள் ராத்திரி பத்துக் கேள்விகளை என்னிடம் நீட்டினாள். ஏழு சரியாக எழுதிவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டாள். இரண்டுக்கு, "அப்படித் தோன்றியது அம்மா" என்றேன். அந்த இரண்டையும் சுழித்து 'ஊகம்' என்று எழுதினாள்.

"பரீட்சையில் அதற்கு முழு மார்க் உண்டே?"

"பரீட்சையில உண்டு. நோட்டுல கிடையாது."

அவள் ஊருக்குப் போன பிறகும் அந்த மூன்று பென்சில் எழுத்துக்கள், க-ர்-வ-ம் என்பதில் உள்ளவை, (ஒன்று அதிகமோ, குறைவோ, நான் கணக்கில் மட்டம்) என் மேஜைமேல் கிடப்பதுபோலவே இருந்தது. எனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். நான் எழுத ஆரம்பித்த நாளில் என் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு பத்திரிகை ஆபீஸ் படிகளில் ஏறி இறங்கியவர். பல வருஷம் கழித்து அவர் ஒரு நாவல் எழுதி, முன்னுரை வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார். நான் கொடுக்கவில்லை. இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். பிறகு முன்னுரை இல்லாமலே புத்தகம் வந்தது. அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். 'வேலை நெருக்கடி, மறந்துவிட்டேன்' என்றுதான் அவர் மனைவியிடம் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

நான் மறக்கவில்லை. அந்த நாவலை இரண்டே இரவில் படித்து முடித்தேன். அந்த மாதிரி ஒன்றை நான் எழுதியதில்லை. எழுதவும் முடியாது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது அவர் பிள்ளை அதை மறுபதிப்பாகக் கொண்டுவருகிறான். அப்பாவுக்குத் தராத முன்னுரையை அவனுக்காவது தர முடியுமா என்று கேட்டிருக்கிறான். மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்றுமே 'வேலை நெருக்கடி காரணமாக' என்றுதான் தொடங்கின, கிழித்துப் போட்டேன். நேற்று மறுபடி டெலிபோன் செய்தான். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.