சுருக்கிய வரைபடமும் வாய்மையும்

வணிக நுண்ணறிவு அறிக்கைகளில், அதாவது நிறுவனத் தரவுகளைத் தொகுத்து முடிவெடுக்க உதவும் கணினி அறிக்கைகளில், நிலவரைபடம் தாமதமாகத் திறப்பதற்கு இரு காரணங்கள் முதன்மையானவை: ஊர்ப்பெயர்களுக்குரிய அட்சரேகை, தீர்க்கரேகைகளை இணையச் சேவையிடம் கேட்டுப் பெறுவதும், மாவட்ட எல்லைகளை அளவுக்கு மிஞ்சிய புள்ளிகளால் வரைவதும். அந்த ரேகை அளவுகளை அட்டவணையிலேயே முன்கூட்டிச் சேர்த்துவைத்தால் முதல் தாமதம் நீங்கும். 1973இல் டக்ளஸ், பாய்க்கர் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட முறை, எல்லைக்கோட்டைப் படிப்படியாகப் பிரித்து, நேர்கோட்டிலிருந்து குறித்த அளவுக்கு மேல் விலகாத புள்ளிகளை நீக்குவதால் இரண்டாவது தாமதமும் குறையும்.

இவ்வாறு சுருக்கப்பட்ட எல்லை பொய்யாகிவிடுமா என்னும் வினாவுக்குச் சமண அளவையியல், அதாவது அறிவின் செல்லுபடியை ஆராயும் துறை, தெளிவான விடை தருகிறது. பொருள் எண்ணற்ற பண்புகளை உடையது என்னும் அநேகாந்தவாதத்தின்படி, அதன் ஒரு பண்பை மட்டும் பற்றும் நோக்கு ‘நயம்’ எனப்படும். ஏனைய பண்புகளை மறுக்காதவரை அது பிழையன்று, மறுக்கும்போதே ‘துர்நயம்’ என்னும் தீநோக்காகிறது. நோய்ப் பரவலை மாவட்டச் சராசரியாகக் காட்டும் வரைபடம் ஒரு நயமே. அச்சராசரி ஒரு சிற்றூரின் துயரை இல்லையென்று கருதச் செய்தால் அது துர்நயமாகும். ஆகவே விரைவுக்காக எது விடப்பட்டது என்பதை அறிக்கையிலேயே குறிப்பதும், ஊரளவு விவரத்தைத் தேடிச் செல்ல வழி வைப்பதும் தொழில்நுட்பத் திறன் மட்டுமன்று, வாய்மை விதிக்கும் கடமையுமாகும்.