கட்டைவிரலும் விலையும்

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்து வீதிகளில் புகுந்து, நாங்கள் மாடியில் ஒடுங்கிக் கிடந்தபோது, மார்பளவு நீரில் நடந்து வந்த ஓர் இளைஞனிடம் அரை லிட்டர் பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு வாங்கினேன். அவன் அதை நீட்டுகையில் அவனுடைய கட்டைவிரல், விலை அச்சிட்டிருந்த இடத்தின்மேல் பதிந்திருந்தது. பால் அன்றே தீர்ந்தது. அந்த விரல்தான் இன்றளவும் என்னை விட்டபாடில்லை.

கேட்கும் விலை நியாயமென்று நம்புகிறவன் மறைப்பானேன்? ஈரத்தில் வழுக்கும் பாக்கெட்டை வேறெப்படித்தான் பிடிப்பது என்றும் தோன்றுகிறது.

கிளாஸ்கோ சர்வகலாசாலையில் தர்ம சாஸ்திரம் போதித்த ஆடம் ஸ்மித், 1776-இல் வெளியிட்ட பெருநூலில், தானிய வியாபாரியை ஜனங்கள் வெறுப்பது சூனியத்துக்கு அஞ்சுவதைப் போன்ற மூடபயமே என்றும், தட்டுப்பாடு தலைகாட்டியதுமே விலையை ஏற்றுகிறவன், தன் லாபத்தையே கருதினாலும், கையிருப்பை அடுத்த அறுவடைவரை நீடிக்கச் செய்கிறான் என்றும் வாதித்ததாக, இளமையில் அரைகுறையாகப் படித்த நினைவு. மறுப்பது எளிதன்று. வழக்கமான விலைதான் என்றால் அந்த இளைஞன் சாக்கடை கலந்த நீரில் இறங்கியிருப்பானா?

இந்த இடத்தில் என் பாட்டி குறுக்கிடுகிறாள். தாது வருஷப் பஞ்சத்தை அவள் கண்டவளல்லள். தாயார் சொல்லக் கேட்டவள். இலையில் நான் சோற்றை ஒதுக்கினால், "அப்போ அரிசி இல்லாமப் போகலேடா, காசுதான் இல்லே" என்பாள். அந்தப் பஞ்சத்தின்போது சென்னை அரசாங்கம் தானே தானியம் வாங்கியதை, வியாபாரத்தில் தலையிடுவதாக வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் அரசாங்கம் கண்டித்ததையும், 1877-இல் அவ்வரசாங்கம் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் நிவாரணக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைத்ததையும் பிற்பாடு படித்தபோது, பாட்டி பொருளாதாரமே பேசியிருக்கிறாள் என்று தெரிந்தது. அதற்கு ஸ்மித்தைப் பொறுப்பாளியாக்குவது அநியாயம். ஆனாலும் அவருடைய வாதத்தைத்தான் அவர்கள் கையில் வைத்திருந்தார்கள்.

சந்தைக்குத் தர்மம் உண்டென்றால், அது இருவரும் மனமொப்பிக் கொடுத்து வாங்குவதில்தான் இருக்க வேண்டும். என் ஒப்புதலில் குறையில்லை, பையில் பணமிருந்தது. என்னோடு படியில் நின்ற காவலாளியின் மனைவி, இடுப்பில் குழந்தையோடு, விலையைக் கேட்டாள், வாங்கவில்லை. எங்கள் பாலில் பாதியை அவளுக்குக் கொடுத்தோம். அது தானமாயிற்றே தவிர விலைக்குச் சமாதானமாகவில்லை. அந்த இளைஞனைச் சட்டம் தண்டித்திருக்க வேண்டுமா என்று யாரேனும் கேட்டால், ஆம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கூடாது என்று சொல்லவும் எழவில்லை.