கட்டிய கயிறு

“அறுக்கிறதெண்டால் ஏன் வாப்பா மருந்து போட்டீங்கள்?”

நயினாதீவில் என் மனைவியின் வீட்டு முற்றத்தில், ஒரு சேவலின் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மகள் கேட்ட கேள்வி இது. அவளுக்கு ஒன்பது வயது. உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தக் காயத்துக்குக் காரணம் நான்தான் என்பதை அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவிருந்த மைத்துனரின் விருந்துக்காக வாங்கிய சேவல் அது. புதிதாக வந்த கோழி வீடு பழகும்வரை அதன் காலில் கயிறு கட்டி வைப்போம். அன்று தும்புக் கயிறு கைக்கு அகப்படவில்லை. வலை வேலைக்குப் பாவிக்கும் தங்கூசி கிடந்தது. அதனால் முருங்கையடியில் கட்டிவிட்டு, குறிகட்டுவானுக்குப் படகேறி யாழ்ப்பாணம் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது, சேவல் மரத்தைச் சுற்றிச் சுற்றித் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு கிடந்தது. தங்கூசி தோலை அறுத்து உள்ளே புதைந்திருந்தது. வெயிலுக்கு நிழலில் படுத்திருக்கிறது என்றே வீட்டார் நினைத்திருந்தார்கள்.

கால்நடை வைத்தியர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டுக் கேட்டுச் செய்தேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்த பிறகே நூல் கண்ணுக்குத் தெரிந்தது. சிறிய கத்தரிக்கோலால் அதைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். எலும்பு முறியவில்லை. விரல்கள் சூடாக இருந்தால் இரத்தம் ஓடுகிறது, குளிர்ந்து கறுத்தால் அந்த இடம் செத்துவிட்டது என்றார் வைத்தியர். இரத்தம் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும் என்பதால் சேவலைத் தனியே ஒரு பெட்டியில் வைக்கோல் பரப்பி வைத்தோம். அலகுக்கு எட்டும் தூரத்தில் தீனும் தண்ணீரும். தினமும் புண்ணைக் கழுவி அயடின் பூசினேன். மனிதருக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம் என்று அவர் எச்சரித்திருந்தார். மூன்றாவது வாரம் சேவல் காலை ஊன்றியது. பின்விரல் மட்டும் காய்ந்து விழுந்துவிட்டது. இனி அது கொப்பைப் பற்றிப் பிடித்துத் தூங்காது. நிலத்தில்தான் படுக்க வேண்டும்.

மைத்துனர் வந்து மீன்கறியோடு சாப்பிட்டுவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “எத்தனை சனம் செத்த மண்ணில சேவலுக்கோ இவ்வளவு பாடு?” என்றார். அவர் கேட்டதில் பரிகாசம் இருக்கவில்லை. அவர் பிள்ளையைப் பறிகொடுத்தவர். நான் பேசாமல் இருந்தேன்.

இந்த இரண்டு கேள்விகளும் என்னைப் பல நாள் அலைக்கழித்தன. ஆழ யோசித்தால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: என் கையில் அகப்பட்ட ஓர் உயிருக்கு நான் பட்ட கடன் என்ன?

பூனையொன்றை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை அறியாதவர் நம்மில் குறைவு. புகாரியிலும் முஸ்லிமிலும் அது உண்டு. அவள் உணவு கொடுக்காதது மட்டும் அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. அது தானாகத் தேடித் தின்ன விடாததும் சேர்த்தே சொல்லப்படுகிறது. தெருவில் திரியும் பூனைக்கு அவள் அந்த அளவுக்குக் கடன்பட்டவளல்ல. கதவை அடைத்த கணத்திலேயே கடன் தொடங்கிவிட்டது. ஷாஃபிஈ ஃபிக்ஹும் இதே தடத்தில்தான் போகிறது. தன் பிராணிக்குத் தீன் போடாத சொந்தக்காரனை, ஒன்றில் தீன் போடு, அல்லது விற்றுவிடு, உண்ணத்தக்கதென்றால் அறுத்துவிடு என்று கட்டாயப்படுத்தலாம். வதைத்து வைத்திருக்கும் வழி மட்டும் அங்கே இல்லை.

பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் இயங்கிய இஹ்வானுஸ் ஸஃபா அறிஞர்கள், விலங்குகள் மனிதன்மேல் ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுப்பதாக ஒரு கதை எழுதினார்கள். மனிதனின் பெருமைகளையெல்லாம் விலங்குகள் ஒவ்வொன்றாக மறுத்துவிடுகின்றன. கடைசியில் மறுமை வாழ்வைச் சொல்லித்தான் மனிதன் தப்புகிறான். எனக்கோ அந்தத் தீர்ப்பு விடுதலையாகத் தெரியவில்லை. மறுமை உள்ளவனுக்குத்தானே விசாரணையும் உண்டு.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணம் சோனகதெருவில் இருந்தோம். இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்றார்கள். வாப்பா உறுதிகளைத் தேடிக்கொண்டிருந்தார். உம்மா அடுப்படிப் பக்கம் போனா. நகை எடுக்கப் போகிறா என்று நினைத்துப் பின்னால் போனேன். அவ கோழிக்கூட்டின் கதவைத் திறந்து, கதவு திரும்ப மூடிக்கொள்ளாதபடி ஒரு கல்லை அண்டக் கொடுத்துக்கொண்டிருந்தா. “நாங்க தீன் போடேலாது. பிறகு அடைச்சு வைக்க எங்களுக்கு என்ன உரிமை?” என்றா. அந்தக் கோழிகளுக்கு என்ன நடந்ததென்று எங்களுக்குத் தெரியாது. புத்தளத்துக் கொட்டிலில் இருந்த காலத்திலும் அவ அந்தக் கல்லைப் பற்றி மட்டும் நிம்மதியாகப் பேசுவா.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் சொல்ல நினைத்த பதில் அதுதான். இரக்கம் மனிதருக்கே போதாது என்று அளந்து வைக்கும் அரிசி அல்ல. எல்லாவற்றையும் இழந்துகொண்டிருந்த ஒருத்தியின் கையில் அன்று அது இருந்தது.

மகளுக்கு இப்படிச் சொன்னேன்: “அதைக் கட்டினது நான். அந்தப் புண் என்ர. அறுக்க எனக்கு அனுமதி இருக்கு, நோகடிச்சு வைக்க இல்லை.”

“அப்ப அறுப்பீங்களோ?”

“தெரியாது மகள்” என்றேன். அது உண்மைதான். முற்றுவதற்குள் அறுத்துவிடு என்கிறா மாமி. அவ சொல்வதில் பிழையில்லை. அப்படி ஒரு நாள் வந்தால், அந்தக் கால் நோவில்லாமல், கயிறில்லாமல் இருக்கும்.

அதுவரை சேவல் சுபஹுக்கு முன்னால் கூவுகிறது. இரவில் கூட்டை அடைப்பவன் நான். விடியத் திறக்க வேண்டியவனும் நானே.