எடுக்கப்பட்ட கையும் ஒரு சாட்சியே



"ஐயா, இவ்வளவு ஜெபிச்சும் சுகம் வரலையே, எங்களுக்கு விசுவாசம் இல்லையா?" என்று கண்ணீரோடு கேட்கிறவர்கள் நம் சபையில் உண்டு. அவர்களுக்காகவே டேவ் டிரெவெக்கி என்ற அமெரிக்க சகோதரனைப் பற்றி எழுதுகிறேன்.

கிரிக்கெட்டில் பவுலர் மாதிரி, பேஸ்பாலில் பிட்ச்சர். பந்தைத் தரையில் குத்தாமல் நேரே எறிவார். டிரெவெக்கி இடதுகைக்காரர். முதலில் சான் டியாகோ, பிறகு சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணி. மொத்தம் 64 வெற்றிகள். இயேசுவை வெட்கமில்லாமல் அறிக்கை செய்தவர்.

1988-ல் அந்த இடது தோளிலேயே புற்றுநோய்க் கட்டி! அக்டோபரில் ஆபரேஷன். தோள் தசையில் பாதியை வெட்டி எடுத்தார்கள், எலும்பையும் உறைய வைத்தார்கள். இனி பந்து வீசுவார் என்று மருத்துவர்களே நம்பவில்லை. ஆனால் 1989 ஆகஸ்ட் 10 அன்று சொந்த மைதானத்தில் சின்சினாட்டி அணிக்கு எதிராக இறங்கினார். எட்டு இன்னிங்ஸ் வீசினார், 4-3 என்று ஜெயம்! ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவரோ தேவனை மகிமைப்படுத்தினார். அல்லேலூயா!

நம்மில் பலர் சாட்சியை இங்கேயே முடித்துவிடுவோம். ஆனால் ஐந்தே நாளில், மான்ட்ரியலில், ஆறாவது இன்னிங்ஸில் பந்தை எறியும்போதே அந்தக் கை எலும்பு முறிந்தது. வலி தாங்காமல் கீழே விழுந்தார். அக்டோபரில் அணியின் வெற்றிக் கொண்டாட்டத்தில் மறுபடியும் முறிந்தது. கட்டியும் திரும்ப வந்தது. அந்த வருடமே ஆட்டத்தை விட்டார். 1991 ஜூன் 18-ல் கையையும் தோளையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள்.

அப்போ ஆகஸ்ட் 10-ல் இருந்த தேவன் ஆகஸ்ட் 15-ல் எங்கே போனார்? பிரியமானவர்களே, பவுலும் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லையே. அதனால் பவுலுக்கு விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்லுவோமா? பின்னே படுக்கையில் கிடக்கிற சகோதரியிடம் போய் "என்ன பாவம் செஞ்சீங்க?" என்று ஏன் கேட்கிறோம்? இது எனக்குப் பிடிக்கவே இல்லை.

டிரெவெக்கியும் அவர் மனைவி ஜேனும் மனச்சோர்வில் விழுந்தார்கள். அதை மறைக்காமல் புத்தகத்திலேயே எழுதினார்கள். பிறகு புற்றுநோயாளிகளையும் கை கால் இழந்தவர்களையும் தேற்றுகிற ஊழியத்தைத் தொடங்கினார்கள். கை போனவருக்குக் கை போன ஒருவர் சொல்லுகிற ஆறுதலை நான் சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் வியாதியஸ்தருக்கு எண்ணெய் பூசி ஜெபிப்போம். சுகமானவர்களும் வாங்க, சுகமாகாதவர்களும் வாங்க. சாட்சி சொல்ல இருவருக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.