அந்தப் பத்து நாள் யாருடையது?

சென்னையிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் தெரியுமா? நேராகப் பறந்தால் சுமார் 13,500 கிலோமீட்டர். துபாயிலோ தோஹாவிலோ இறங்கி மாறிப் போனால் 22 மணி நேரம் ஆகலாம். கோடையில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால், அதே தேதியில் அந்த ஊர் சாயங்காலம் 4.30-க்கு இறங்கிவிடலாம். ஒன்பதரை மணி நேரம் கடிகாரமே தரும் தள்ளுபடி!

இது மனுஷனுக்கு. ஆம்பூரில் தைத்த ஷூவுக்குக் கணக்கே வேறு. லாரியில் சென்னைத் துறைமுகம், அப்புறம் கப்பல். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் ஆரம்பித்ததும் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் கூடியது.

ஷூவையும் விமானத்தில் ஏற்றக்கூடாதா? ஏற்றுவார்கள், தேதி தவறினால். எஃப்.ஓ.பி. ஒப்பந்தத்தில் கப்பல் வாடகை வாங்குபவர் பாடு. தாமதத்துக்கான விமான வாடகை பெரும்பாலும் கம்பெனி தலையில்தான் விழும். சரக்கு அடைக்கிற இடத்தையும் எடையாக்கிவிடுவார்கள், 6,000 கன சென்டிமீட்டர் ஒரு கிலோ என்று. ஷூ டப்பாவுக்குள் இருக்கிற காற்றுக்கும் காசு! லாபம் மொத்தமும் அதிலேயே பறந்துவிடும்.

அதனால் எப்பாடு பட்டாவது கப்பலைப் பிடித்தாக வேண்டும். இப்போது இப்படி வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிள் கலர் சரியா தப்பா என்று வாங்குபவர் பத்து நாள் யோசிக்கிறார். கப்பல் தேதி மாறாது. அந்தப் பத்து நாளை எங்கிருந்து எடுப்பது? தோல் பதனிடுவதை ஓரளவுக்கு மேல் விரட்ட முடியாது. கப்பலையும் முடியாது. மிச்சம் இருப்பது தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தானே? நியூயார்க்கில் காலை 10 மணிக்கு ஒருவர் காபியைக் குடித்துக்கொண்டே ‘அவசரம்’ என்று மெயில் தட்டும்போது இங்கே ராத்திரி 7.30. பிள்ளை வீட்டில் ஹோம்வொர்க்கோடு காத்திருக்கும் நேரம்.

‘ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம் உண்டே சார்’ என்பீர்கள். உண்டு. 1948 தொழிற்சாலைகள் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஒழுங்காகக் கொடுத்தால் அந்தக் காசை வேண்டாம் என்று எந்த அக்காவும் சொல்லமாட்டார், ஸ்கூல் பீஸுக்கு ஆகும். ஆர்டரே வராமல் போனால் அதைவிடக் கஷ்டம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியபோது அந்த ஊர்கள் பயந்தது அதற்குத்தான்.

இருந்தாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. தாமதித்தவர் ஒருத்தர், ஓடுகிறவர் இன்னொருத்தர். ஒருவர் வாங்கிய கடனை இன்னொருவர் பேரில் எழுதினால் எந்த ஆடிட்டராவது விடுவாரா? நேரத்துக்கு மட்டும் பேரேடு கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு இரட்டை விலை என்று சட்டம் போட்டுவிட்டோம். அதை விற்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழி இருக்கிறதா?

வாங்குபவர் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நாளுக்கும் கப்பல் தேதி ஒரு நாள் தள்ளிப்போகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அதைக் கேட்க ஏற்றுமதியாளருக்குத் தைரியம் வருவதில்லை. கேட்டால் ஆர்டர் வியட்நாமுக்குப் போய்விடும் என்று பயம். அந்தப் பயத்தைத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.