சாயம் பூசிய மேகம்

சில படங்களைப் பார்த்தால் கை தானாகக் குவிந்துவிடும். 'படைப்பின் தூண்கள்' அப்படி ஒரு படம். 1995 ஏப்ரல் 1 அன்று ஹப்பிள் தொலைநோக்கி எடுத்தது. 6,500 ஒளியாண்டுக்கு அப்பால், கழுகு நெபுலாவுக்குள், வாயுவும் தூசும் திரண்ட மூன்று தூண்கள். பெரிய தூணின் அடியில் கிளம்பும் ஒளி அதன் உச்சியைத் தொடவே நான்கைந்து வருடம் பிடிக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் படத்தைக் காட்டியபோது, மேகத்துக்குள் இயேசுவின் முகம் தெரிகிறது என்று பார்த்தவர்கள் சிலர் போன் செய்து சொன்னார்களாம்.

படத்தின் வலது மேல் மூலை படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டிருக்கும். அதில் மர்மம் ஒன்றுமில்லை. படம்பிடித்த நான்கு கேமராக்களில் ஒன்று மட்டும் நெருக்கிப் பார்த்ததால் விழுந்த வெற்றிடம்.

பக்தியோடு பார்ப்பவர்களைச் சங்கடப்படுத்துவது நிறங்கள்தான். கேமராவில் பதிந்தது கறுப்பு வெள்ளை. படத்தை எடுத்த வானியலாளர்கள் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்தார்கள். உண்மையில் கந்தகம், ஹைட்ரஜன் இரண்டுமே அங்கே சிவப்பாகத்தான் ஒளிர்கின்றன. அப்படியே விட்டால் எது எது என்று பிரித்தறிய முடியாது. அப்படியானால் நாம் கும்பிட்டது மனிதன் பூசிய சாயத்தையா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தனக் காப்புச் சாத்திய மூர்த்தி முன்னால் நிற்பவருக்கு, அது அர்ச்சகர் கைவேலை என்று நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

முகம் தேடுவதில்தான் எனக்கு ஒட்டுதல் இல்லை. அங்கே நடப்பதே போதாதா? பக்கத்தில் இருக்கும் இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர்கள் தூண்களை நாளும் கரைத்துக்கொண்டிருக்கின்றன. கரையும் அதே தூண்களின் அடர்ந்த முனைகளில் வாயு இறுகிப் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. படைத்தலும் அழித்தலும் ஒரே இடத்தில், ஒரே வேளையில். 2022இல் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பு ஒளியில் அந்தத் தூசியை ஊடுருவிப் பார்த்தபோது, தூண்களின் ஓரங்களில் சிவந்த புள்ளிகளாக அந்தப் புது நட்சத்திரங்கள் தெரிந்தன. சில லட்சம் ஆண்டு வயதுதான். நம் சூரியனுக்கோ 460 கோடி.

இன்னொன்று. அந்தப் படத்தில் பதிந்த ஒளி அங்கிருந்து புறப்பட்ட காலத்தில், எந்த மதத்தின் மறையும் ஏட்டில் ஏறியிருக்கவில்லை. அதனால் எந்தச் சாமியின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டாலும் எனக்குச் சம்மதம். பெயர் எதுவும் சொல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றாலும் சம்மதம்தான்.